இல்லறத்தான் ஏந்திய வாள்

யுத்த சரித்திரத்தை எழுதுகிறவர்கள் சேனாதிபதிகளின் வியூகங்களையும் வெற்றிகளையும் விரித்துரைப்பார்களேயன்றி, அவர்கள் எத்தகைய கணவராகவும் தந்தையாகவும் வாழ்ந்தார்கள் என்பதைப் பொருட்படுத்துவது அபூர்வம். இத்தொடரில் இவ்வாரம் நாம் நினைவுகூரும் பீல்டு மார்ஷல் சாம் மானெக்ஷாவின் வாழ்விலோ இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க இயலாது. களத்தில் அவர் காட்டிய நிதானமும் கருணையும், ஒவ்வொரு சிப்பாய்க்காகவும் ஒரு வீடு காத்திருக்கிறது என்பதை அறிந்திருந்த ஒரு கிருகஸ்தரின் குணங்கள் என்பதே என் துணிபு.

1914ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி, அமிருதசரஸில் ஒரு பார்சி வைத்தியரின் புதல்வராய்ப் பிறந்த சாம், தாமும் சீமைக்குச் சென்று வைத்தியம் பயிலவே ஆசைப்பட்டார். சிறு பிராயத்தில் தனியே அனுப்பத் தந்தை இசையாததால் மனம் பொறாத அவர், டேராடூனில் புதிதாய் நிறுவப்பெற்ற ராணுவக் கலாசாலையின் பரீட்சையை எழுதி, 1932இல் அங்கே சேர்ந்த முதல் 40 மாணாக்கருள் ஒருவரானார். பிறகு லாகூரில் அறிமுகமான சில்லூ அம்மையாரை 1939 ஏப்ரலில் மணந்தார். அவ்வாண்டே உலகப் போர் மூண்டது; மறு ஆண்டின் தொடக்கத்தில் முதல் மகள் பிறந்தாள்.

அக்குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பியிருந்த 1942 பிப்ரவரி 22ஆம் தேதி, பர்மாவில் சிட்டாங் நதிப் பாலத்தருகே ஜப்பானியரை எதிர்த்துத் தம் வீரர்களை நடத்திச் சென்ற காப்டன் மானெக்ஷாவின் உடலில் இயந்திரத் துப்பாக்கியின் ஏழு குண்டுகள் பாய்ந்தன. இனி இவர் பிழைப்பதரிது என்று கருதிய தளபதி கோவன், மிலிடரி கிராஸ் விருது அந்நாளில் இறந்தவர்க்கு வழங்கப்படாதாகையால், தம் சீருடையிலிருந்த அவ்விருதின் நாடாவைக் கழற்றி அவர் மார்பில் குத்தினார். ஆனால் ஷேர் சிங் என்னும் ஆர்டர்லி தம் அதிகாரியைச் சாவுக்கு ஒப்புக்கொடுக்க மனமில்லாதவராய், அவரைச் சுமந்து சென்று, நம்பிக்கை இழந்திருந்த வைத்தியரைச் சிகிச்சைக்கு இணங்க வைத்தார். மானெக்ஷாவின் எஞ்சிய 66 ஆண்டுகளும் அந்தச் சாமானியச் சிப்பாயின் விசுவாசம் ஈந்த பிச்சை என்றே சொல்லலாம்.

தேசப் பிரிவினையில் அவருடைய ரெஜிமெண்டு பாகிஸ்தானுக்குப் போயிற்று. அவரோ இந்தியாவிலேயே நின்றார். வெல்லிங்டன் முப்படை அதிகாரிகள் கல்லூரியின் தலைவராய் நீலகிரியில் வசித்த அவர், 1969 ஜூன் 8ஆம் தேதி தரைப்படைத் தலைமைத் தளபதியானார்.

1971 ஏப்ரலில் கிழக்கு வங்காளத்து அகதிகள் எல்லை தாண்டிப் பெருகி வந்தபோது, உடனே படை நடத்த வேண்டுமென்ற எண்ணம் மந்திரிசபையில் வலுத்திருந்தது. பிரதம மந்திரி இந்திரா காந்தியின் முன்னிலையில் மானெக்ஷா தயக்கமின்றி மறுத்துரைத்தார். மழை தொடங்கினால் அந்நாட்டு நதிகள் கடலாகிவிடும். கோடையில் இமயக் கணவாய்கள் திறந்திருப்பதால் சீனம் இறங்கக்கூடும். படைகளை நகர்த்த ரயில்கள் வேண்டும், அவையோ அறுவடைத் தானியத்தைச் சுமக்க வேண்டியவை. தம் சொல் ஏற்கப்படாவிடில் பதவியைத் துறக்கவும் அவர் சித்தமாயிருந்தார். பிரதம மந்திரி அவகாசம் அளித்தார். டிசம்பர் 3ஆம் தேதி மூண்ட யுத்தம் 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணாகதியாய் முடிந்தது. அந்த வைபவத்துக்குத் தாம் செல்லாமல், கிழக்குப் பகுதித் தளபதி ஜகஜித் சிங் அரோராவே சரணாகதியை ஏற்கச் செய்தார்.

சிறைப்பட்ட சுமார் 93,000 பேரை நடத்திய விதத்திலும் அவருடைய சுபாவம் விளங்கிற்று. போருக்குப் பின் லாகூர் சென்றிருந்தபோது, ஆளுநர் மாளிகைப் பணியாளர் ஒருவர் தம் தலைப்பாகையைக் கழற்றி அவர் பாதத்தில் வைத்தாராம். தம் புதல்வர் ஐவரும் இந்தியாவில் கைதிகளென்றும், தங்களுக்குக் கட்டிலும் கூரையும் தந்துவிட்டு இந்தியச் சிப்பாய்கள் கூடாரங்களில் தங்குவதாக அவர்கள் கடிதம் எழுதியிருந்தார்களென்றும் அத்தந்தை கூறியதை மானெக்ஷாவே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பகைவன் வீட்டுத் தந்தையும் கைகூப்பும்படி ஒரு சேனாதிபதி நடந்துகொள்வதைக் காட்டிலும் பெரிய விருது உண்டோ?

1973 ஜனவரியில், சுதந்திர இந்தியாவின் முதல் பீல்டு மார்ஷலாய் ஓய்வு பெற்ற அவர் குன்னூரைத் தம் இல்லமாக்கிக் கொண்டார். தோட்டமும் நாய்களும் மனைவியின் துணையுமாய் 28 ஆண்டுகள் கழிந்தன. 2001இல் சில்லூ அம்மையார் மறைந்தார். 2008 ஜூன் 27ஆம் தேதி, தமது 94ஆம் வயதில், வெல்லிங்டன் ராணுவ மருத்துவமனையில் அவரும் காலமானார். தேசத்தின் பெயரால் துக்கம் அனுஷ்டிக்கப்படாதது நமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் அவர் விரும்பத்தக்க இடமே வாய்த்தது: உதகமண்டலத்துப் பார்சி மயானத்தில், மனைவியின் சமாதிக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

நம் பிள்ளைகளுக்கு 13 நாள் யுத்தத்தின் வெற்றியைக் கற்பிக்கிறோம். அதற்கு முன் அவர் காத்திருந்த ஏழு மாதங்களையும் கற்பிக்க வேண்டும். ஆணையிட்டவுடன் வாளை உருவுவதற்கு வீரம் போதும். பிறர் பெற்ற மக்களை அகாலத்தில் பலியிட மாட்டேன் என்று அதிகாரத்தின் முன் நின்று சொல்வதற்கு, அம்மக்களைத் தன் மக்களாய்க் கருதும் உள்ளமும் வேண்டும்.

(தொடரும்)