அடி வாங்கி வளர்ந்தவர்கள் பிள்ளையையும் அடிப்பார்களா? மினசோட்டா ஆய்வு சொல்வது என்ன?

"எங்கப்பா பெல்ட்டாலயே அடிப்பாரு. நான் நல்லாத்தானே இருக்கேன்?" பிள்ளையை ஏன் அடிக்கிறீங்கன்னு கேட்டால் பல வீடுகளில் வரும் பதில் இதுதான். இந்தப் பதிலில்தான் சிக்கலே இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. சிறுவயதில் வன்கொடுமையை அனுபவித்தவர்களில் சுமார் 30% பேர் தங்கள் குழந்தைகளிடமும் அதையே தொடர்கிறார்கள் என 1987-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜோன் காஃப்மன், எட்வர்ட் ஸிக்லர் மதிப்பிட்டனர். பொதுவான மக்களில் இது 5% என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு. அதாவது ஆபத்து 6 மடங்கு அதிகம். ஆனாலும் 10-ல் 7 பேர் அப்படி மாறவில்லை.

எப்படித் தொடர்கிறது?

"அப்பா மாதிரி இருக்கக் கூடாது"ன்னு முடிவு பண்ணியவர்களுக்கும், குழந்தை விடாமல் அழும்போது கை ஓங்கிவிடுகிறது. கோபம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு வீட்டில் அவர்கள் பார்த்த வழி அது ஒன்றுதான். எப்போது அடி விழுமோ என்ற பயத்திலேயே வளர்ந்தவருக்கு, குழந்தையின் சாதாரண அடம்கூட தன்னை மிரட்டுவது போலத் தோன்றலாம்.

அந்த 7 பேர் யார்?

அமெரிக்காவின் மினசோட்டாவில் 1975-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. முதல் குழந்தையை எதிர்பார்த்திருந்த 267 ஏழைப் பெண்களை அது பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அவர்களில் சிறுவயதில் கொடுமைக்கு ஆளான தாய்மார்களை பைரன் எகிலாண்ட் குழுவினர் தனியாக ஆராய்ந்து, 1988-ல் முடிவை வெளியிட்டனர்.

பிள்ளையை அடிக்காத தாய்மார்களில் பலருக்கு, சிறுவயதில் அன்பு காட்ட பெரியவர் ஒருவராவது இருந்திருக்கிறார். நம்ம ஊர் கணக்கில் அது பாட்டியாக, சித்தியாக, பக்கத்து வீட்டு அக்காவாகக்கூட இருக்கலாம். அந்தப் பெரியவர் அடியைத் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மனநல சிகிச்சையும், பிற்காலத்தில் ஆதரவாக இருந்த துணையும் கைகொடுத்தன.

1996-ல் வெளியான அடுத்த ஆய்வு இன்னும் முக்கியமானது. அடிப்பதைத் தொடர்ந்த தாய்மார்கள், தங்கள் குழந்தைப் பருவத்தைப் பற்றிப் பேசும்போது அதை அழகாக்கிச் சொன்னார்கள். முன்னுக்குப் பின் முரணாகவும் பேசினார்கள். தொடராதவர்களோ நடந்ததைத் தெளிவாகச் சொன்னார்கள். "நல்லாத்தானே இருக்கேன்" என்ற பதில் இங்கேதான் இடிக்கிறது. (ஆய்வில் இருந்தவர்கள் தாய்மார்கள் மட்டுமே. அப்பாக்களுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.)

உதவிக்கு யாரை அழைப்பது?

பிள்ளை மீது கை ஓங்குவதை நிறுத்த முடியலைன்னு தவிப்பவர்கள், டெலி-மானஸ் இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098-ஐ அழைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரும் அழைக்கலாம்.