ஒரு குளிசைக்கு எத்தனை பெயர்?

ஊரிலே காய்ச்சல் என்றால் பனடோல். பிரான்சில் டோலிப்பிரான், சுவிசில் டாஃபல்கான், கனடாவில் ரைலினோல். உள்ளே இருப்பது பரசிற்றமோல் என்ற ஒரே மருந்துதான். வட அமெரிக்காவில் அதையே அசெற்றமினோஃபென் என்கிறார்கள். பாரா-அசெற்றைல்-அமினோ-ஃபீனோல் என்ற இரசாயனப் பெயரிலிருந்து இரு பக்கத்தாரும் தங்களுக்குப் பிடித்த எழுத்துகளைப் பொறுக்கியெடுத்ததால் வந்த வித்தியாசம் இது.

வணிகப்பெயர் கம்பனி வைப்பது. நாட்டுக்கு நாடு மாறும். பொதுப்பெயரை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதன் முதற் பட்டியல் 1953இல் வெளியானது. பொதுப்பெயரின் வாலைப் பார்த்தால் மருந்தின் குடும்பம் தெரியும். அற்றோர்வஸ்ரற்றின், சிம்வஸ்ரற்றின் போல 'ஸ்ரற்றின்' என முடிந்தால் கொலஸ்ட்ரோலுக்கு. அற்றெனோலோல், பிசோபிரலோல் இரண்டும் இதயத் துடிப்பைத் தணிப்பவை. எனலாபிரில் போன்ற 'பிரில்' குடும்பம் பிரஷருக்கு. அதை எடுக்கும் சிலருக்கு வறட்டு இருமல் வரும்; அப்போது வைத்தியர் பெரும்பாலும் லொசாற்றன் போன்ற 'சாற்றன்' ஒன்றுக்கு மாற்றுவார். ஆனால் வாலை மட்டும் நம்பி நாமே முடிவெடுக்கக் கூடாது. ஒமெப்பிரசோல் வயிற்று அமிலத்தைக் குறைப்பது. அரிப்பிப்பிரசோல் மனநோய்க்குக் கொடுப்பது.

இன்னொரு வகைப்படுத்தலும் உண்டு. மருந்து உடலின் எந்தப் பகுதியில், எதற்காக வேலை செய்கிறது என்பதை வைத்து 14 பெரும் பிரிவுகளாகப் பிரித்துக் குறியீடு கொடுக்கிறார்கள். இதனைப் பராமரிக்கும் நிலையம் நோர்வேயின் ஒஸ்லோவில் இருக்கிறது. இதில் அஸ்பிரினுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள்: தலையிடிக்கு எடுத்தால் நரம்பு மண்டலப் பிரிவு, இரத்தம் உறையாமலிருக்கச் சிறிய அளவில் எடுத்தால் இரத்தப் பிரிவு. அம்மாவின் 75 மில்லிகிராம் அஸ்பிரினைப் பார்த்து "தலையிடிக் குளிசையை ஏன் தினமும் போடுகிறா?" என்று நிறுத்திவிடுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

எங்கள் வீடுகளில் உண்மையான ஆபத்து இரட்டிப்பில்தான் வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெட்டியில் லொசாற்றன் என்றிருக்கும். இங்குள்ள வைத்தியர் எழுதித் தந்த பெட்டியில் கோசார் என்றிருக்கும். இரண்டும் ஒன்றென்று தெரியாமல் அப்பா இரண்டையும் போட்டால் பிரஷர் அளவுக்கு மீறி இறங்கி, எழும்பும்போது தலை சுற்றி விழக்கூடும். பரசிற்றமோலும் அப்படியே. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு. மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் அதிலும் குறைவு. தடிமனுக்குக் கரைத்துக் குடிக்கும் தூள்கள் பலவற்றிலும் அது கலந்திருப்பதால் கணக்குத் தவறுவது எளிது, பாதிக்கப்படுவது ஈரல்.

வணிகப்பெயருக்குக் கீழே, பெரும்பாலும் சின்ன எழுத்தில், பொதுப்பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அதையும் மில்லிகிராம் அளவையும் எடுக்கும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, ஊர்ப் பெட்டிகளையும் சேர்த்து வைத்தியரிடம் அல்லது மருந்துக்கடையில் காட்டுங்கள்.