கண்ணுக்குத் தெரியாத நோயும் கண்ணை மூடிய சட்டமும்

மரக்காணத்து உப்பளப் பாத்தியிலே நிற்கும் நீரைப் பார்த்தவுடன் அதில் உப்பு எவ்வளவு என்று கூறிவிட முடியுமா? நாவில் படவேண்டும்; அல்லது அளவுக் கருவியை மிதக்கவிட வேண்டும். உப்புக்கே சோதனை தேவைப்படும்போது, உடலினுள் ஒளிந்திருக்கும் நோயைக் கண்ணால் கண்டுவிடலாம் என்று ஓர் அரசாங்கமே நம்பிற்று! நம்பியதோடு நின்றதா? அந்த நம்பிக்கையைச் சட்டமாக்கிப் பெண்களின் தலையிலே சுமத்திற்று.

1868ஆம் ஆண்டு வெள்ளை அரசு இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. பட்டாளத்தாரிடையே மேகநோய் மிகுந்திருந்தது. அவர்களைக் காக்க வேண்டுமாம்! சட்டம் நடப்பிலிருந்த இடங்களில், விலைமகளிர் எனக் கருதப்பட்ட பெண்கள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும், குறித்த காலத்தில் மருத்துவர் முன் உடலைக் காட்டவேண்டும், நோய் உண்டென்று அவர் சொன்னால் 'லாக் ஆஸ்பத்திரி' எனும் அடைப்பு மருத்துவமனையில் கிடக்க வேண்டும், மறுத்தால் தண்டனை. சென்னை மாகாணத்திலே பறங்கிமலை, திருச்சிராப்பள்ளி, பல்லாரி போன்ற பாளைய ஊர்கள் இத்தகைய மருத்துவமனைகளைக் கண்டவை. அவளிடம் சென்ற ஆணை அந்தச் சட்டம் பதிந்ததா? இல்லை. பிடித்ததா? இல்லை. நோய்க்கு இருவர் காரணர்; தண்டனைக்கு ஒருத்தி!

நீதி ஒருபுறம் இருக்கட்டும். அறிவேனும் அதிலே இருந்ததா என்று பார்ப்போம். வெட்டை நோயின் கிருமியை நைசர் கண்டறிந்தது 1879இல். சட்டம் பிறந்து 11 ஆண்டுகள் கழிந்த பின்னர். மேகப்புண்ணின் கிருமி 1905இல்தான் தென்பட்டது. அதற்கான இரத்தச் சோதனையை வாசர்மன் தந்தது 1906இல். ஆக, 1868இல் மருத்துவரிடம் இருந்தது என்ன? இரண்டு கண்கள், ஒரு கருவி, ஓர் ஐயம்! புண் தெரிந்தவள் அடைபட்டாள். சாதாரண வெள்ளைப்பாடு உள்ளவளும் ஐயத்திற்கு ஆளாகக்கூடும். அறிகுறியே இல்லாமல் நோயைத் தாங்கியவளோ நலமுடையவள் என்ற முத்திரையோடு வெளியே வந்திருப்பாள். அடைத்து வைத்தது பெண்ணை; அடைபடாமல் உலவியது நோய்!

1872இல் நெகராத் என்ற மருத்துவர், வெட்டை நோய் பெண்ணிடத்தில் மறைந்து வாழும் என்றார். குணமடைந்துவிட்டதாக எண்ணும் கணவனே அதை மனைவிக்குத் தருகிறான், அவள் மகப்பேறு இழப்பதற்கும் அது காரணமாகிறது என்றார். உலகம் அவரை நகைத்தது. பின்னர் வந்த ஆராய்ச்சி அவருடைய அடிப்படைக் கருத்தை உறுதி செய்தது.

இங்கிலாந்தில் இதே வகைச் சட்டங்களை எதிர்த்து ஜோசஃபின் பட்லர் அம்மையார் போராடினார். 1886இல் அவை அங்கே வீழ்ந்தன. 1888இல் இந்தியச் சட்டமும் நீக்கப்பட்டது.

சட்டம் மாய்ந்தது, நோயின் மறைவு மாயவில்லை. கிளமிடியா எனும் கிருமி தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு வலியோ, புண்ணோ, எரிச்சலோ தோன்றுவதில்லை. வெட்டை நோயும் பெண்களிடம் பலவேளை அப்படியே பதுங்குகிறது. உள்ளே பரவினால் கருக்குழாயைத் தழும்பாக்கி அடைக்கிறது. குழாயிலேயே கரு தங்கும் பேராபத்தையும் விளைக்கிறது. ஊரோ அவளை 'மலடி' என்கிறது! அரசமரத்தைச் சுற்றிவரச் சொல்கிறது! அவனைச் சோதித்தீர்களா என்று கேட்பார் உண்டா?

மேகப்புண்ணைப் பெனிசிலின் குணமாக்கும் என்பது 1943இல் மெய்ப்பிக்கப்பட்டது. கிளமிடியாவையும் உரிய மருந்து போக்கிவிடும். குறை மருந்தில் இல்லை, கண்டறிவதில் இருக்கிறது. இந்நாளில் கிருமியின் மரபுப் பொருளைப் பெருக்கிக் காட்டும் சோதனை வந்துவிட்டது. சிறுநீரோ, பெண் தன் கையாலேயே எடுத்துத் தரும் பஞ்சுத் துடைப்போ போதும். எவர் கண்ணெதிரும் நாணி நிற்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் உடலுறவு வாழ்க்கையுள்ள 25 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு ஆண்டுதோறும் இச்சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. இங்கிலாந்து 2003இல் இளைஞருக்கெனத் தேசியத் திட்டமே தொடங்கிற்று.

நம் நாட்டிலோ கருவுற்ற பெண்ணுக்கு மேகப்புண் சோதனை உண்டு. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் அறிகுறியைக் கேட்டு மருந்துப் பொட்டலம் தரும் முறையே நடக்கிறது. அறிகுறி உள்ளவளுக்கு அது உதவும். அறிகுறியே இல்லாதவள் எதைச் சொல்லி மருந்து கேட்பாள்?

தோழர்களே, குயிலாப்பாளையத்து இளம்பெண்ணுக்கும் இந்தச் சோதனை எட்டவேண்டும் என்கிறோம். ஆனால் 1868ஐ மறந்து அல்ல. கட்டாயம் கூடாது, அவள் விருப்பம் வேண்டும். பெயர் வெளிப்படக் கூடாது. மறைவு காக்கப்பட வேண்டும். நோய் கண்டால் அவளுக்கு மட்டுமன்று, துணைவனுக்கும் மருந்து தரவேண்டும். நோயைத் தேடுகிறேன் என்று பெண்ணைத் தேடிப் பிடித்த அறியாமை ஒழிந்து, பெண்ணைக் காக்க நோயைத் தேடும் அறிவு வளரட்டும்!