சோத்துப் பானையும் கூலிக் கணக்கும்

கூலி கேட்டுச் செத்தவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், செங்கொடியின் கீழே சங்கமாகச் சேர்ந்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். அந்த அரைப்படியை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் நம்ம தெருவுக்கென்றே ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக உழைத்ததே, அதற்கு நாம் அளந்தது எத்தனை படி? இதை நாம் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாம்தானே.

புதிரை வண்ணாரைத்தான் சொல்கிறேன். ஊருக்கு வெளுக்கிற வண்ணார் வேறு. அவர் சேரிக்கு வரமாட்டார். சேரித் துணியை வெளுப்பதற்கென்றே சாதி ஒரு கூட்டத்தைத் தனியாகப் பிரித்து வைத்தது. புரத வண்ணார், பொதர வண்ணார் என்று பகுதிக்கொரு பேர். வேலை நம் தெருவில். குடியிருப்போ நம் தெருவுக்கும் ஒதுக்குப்புறமாக, ஊருக்கு ஒரு வீடு, ரெண்டு வீடு.

1932 டிசம்பர் 24ஆம் தேதி ‘தி ஹிந்து’ நாளிதழில் திருநெல்வேலி மாவட்டத்துப் புரத வண்ணாரைப் பற்றி ஒரு செய்தி வந்தது. ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் அதை எடுத்துச் சேர்த்திருக்கிறார். அவர்கள் கண்ணில் பட்டாலே தீட்டு என்பதால் பகலில் வெளியே வரக் கூடாது. நடுராத்திரிக்கும் விடியலுக்கும் இடையில் துவைக்க வேண்டும். பார்க்கப் போனவர்களோடு பேச அவர்களை வீட்டை விட்டு வெளியே வரவைப்பதே பெரும்பாடாக இருந்திருக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவர்கள் ராத்திரியில் துவைத்தது யார் துணி? தீண்டப்படாத மற்ற சாதிகளின் துணி. அதாவது நம்ம துணி.

வேலை என்ன? காலையில் வீடு வீடாகப் போய் அழுக்கெடுக்க வேண்டும். மூட்டையைத் தலையிலோ கழுதை முதுகிலோ ஏற்றித் துறைக்குக் கொண்டுபோக வேண்டும். உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, கல்லில் அடித்து, காயவைத்து, எந்தத் துணி எந்த வீடு என்று பிசகாமல் திருப்பித் தர வேண்டும். பிள்ளை பெத்த வீட்டுத் துணி, வயசுக்கு வந்த பெண்ணின் தீட்டுத் துணி எல்லாம் அவர்கள் தலையில்தான். சாவு விழுந்தால் பாடை கட்டுவதிலிருந்து சுடுகாட்டு வேலை வரை நிற்க வேண்டும். இத்தனை மணி நேரம் என்று கணக்கில்லை. ஒருநாள் வராவிட்டால் எங்கள் தெருவில் பஞ்சாயத்தில் நிறுத்தி அபராதம் போட்டார்கள்.

கூலி என்ன? ராத்திரி வீட்டுக்கு ஒரு பிடி சோறு. அறுப்புக் காலத்தில் களத்து நெல்லில் கொஞ்சம். சாவு வீட்டில் பிணத்தின் மேல் கிடந்த துணி, வாய்க்கரிசியில் ஒரு பங்கு. உருப்படிக்கு இவ்வளவு என்ற பேச்சே கிடையாது. சோறு போடுவது நம் தர்மம் என்று ஆனதால், எவ்வளவு போட்டோம் என்று கேட்க அவர்களுக்கு வாயில்லாமல் போனது.

நாமும் இல்லாதவர்கள்தான். நிலம் இல்லை. குடியானவன் களத்தில் வாங்கிய கூலி நெல்லிலிருந்துதான் அவர்களுக்கும் அளந்தோம். அவன் நம்மிடம் பிடித்ததை நாம் அவர்களிடம் பிடித்தோம். படிப்படியான அசமத்துவம் என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னது இதைத்தான். எல்லாருக்கும் கீழே இன்னொருவனைக் காட்டுவதால்தான் சாதி இன்னும் விழாமல் நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு வெட்டி வேலையைத் தடை செய்கிறது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கடனுக்காக உழைப்பதை மட்டும் சொல்லவில்லை. வழக்கம் என்பதற்காக, பரம்பரைக் கடமை என்பதற்காக, இன்ன சாதியில் பிறந்ததற்காகக் கூலியில்லாமலோ பேருக்கொரு கூலிக்கோ உழைக்க வைப்பதையும் கொத்தடிமை முறை என்றே சொல்கிறது. 1982இல் ஆசியாட் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்றது. குடியானவனை நோக்கி நாம் இந்தச் சட்டங்களைத் தூக்கிக் காட்டினோம். அதே சட்டம் நம்ம தெருவையும் நோக்கி நின்றது. அதை நாம் பார்க்கவில்லை.

எங்கள் தெருவுக்கு வெளுத்த அம்மாவுக்கு என் பாட்டி வயசு. மூணாங்கிளாஸ் படிக்கிற நான் அவரை ‘வாடி, போடி’ என்றுதான் பேசுவேன். அவர் என்னை ‘சாமி’ என்பார். குடியானவன் வீட்டுப் பொடியன் என் தாத்தாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான் என்று வீட்டுக்கு வந்து அழுத பையனும் நான்தான். ஒருநாள் ராத்திரி அவர் பானையில் ஊசிப்போன குழம்பை ஊற்றினார்கள். “கெட்டுப்போச்சே பாட்டி” என்றேன். “அவ தின்னுக்குவா, நீ போய்ப் படி” என்றார் பாட்டி. நான் போய்ப் படித்தேன்.

பிறகு சோப்புத்தூள் வந்தது, பாலியஸ்டர் வந்தது. நெல்லாக வாங்கிய கூலி ரொக்கமானது. களத்து நெல் நின்றது, சோறும் நின்றது. சாவு வேலை மட்டும் அவர்களை விடவில்லை.

1994இல் வந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவல் இந்த வாழ்க்கையை எழுதியபோது, நம்மில் சிலருக்குக் கோபம் வந்தது. நம்மைக் கேவலப்படுத்திவிட்டான் என்றார்கள். கேவலம் எழுத்திலா இருந்தது?

தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் புதிரை வண்ணாரும் உண்டு. ஆனால் பெரும்பாலான மாவட்டங்களில் மற்ற வண்ணார் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால், தாலுகா ஆபீசில் “நீங்க எம்.பி.சி.தானே” என்று திருப்பி அனுப்புகிறார்கள். சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு உதவித்தொகை ஏது, இடஒதுக்கீடு ஏது? 2009இல் தனி நலவாரியம் அமைத்தார்கள். வாரியத்தின் கதவைத் தட்டவும் அந்தச் சான்றிதழ்தான் வேண்டும்.

தோழர்களே, பழைய கூலியை இனி அளந்து கொடுக்க முடியாது. ஆனால் “இவங்க எங்க தெருவுக்கு வெளுத்தவங்க, புதிரை வண்ணார்தான்” என்று தாசில்தார் முன்னால் சாட்சி சொல்ல நம்மைவிடப் பொருத்தமானவர் யார்? அவர்களோடு தாலுகா ஆபீசுக்குப் போவோம். நம்ம தெருச் சாவுக்கு நாமே பாடை கட்டுவோம். நம்ம பிள்ளைகள் அவர்களை ‘அம்மா, அய்யா’ என்று கூப்பிடட்டும். அதன் பிறகு வெண்மணியின் அரைப்படியைப் பற்றிப் பேசலாம்.