நூறு வருஷத்து மழை

சென்னையில் குளிர்காலம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நுங்கம்பாக்கத்துப் பதிவேட்டில் 1895 டிசம்பர் 11-ம் தேதிக்கு நேராக, இன்றைய கணக்கில் 13.9 டிகிரி செல்சியஸ் என்று இருக்கிறது. இந்த ஊர் கண்ட உச்சகட்டக் குளிரே அவ்வளவுதான்! டெல்லிக்காரர் பனியனோடு வாக்கிங் போகிற குளிர் அது. நம் ஆட்கள் அன்றைக்குப் போர்வையை விட்டே வெளியே வந்திருக்க மாட்டார்கள்.

சென்னை டிசம்பரின் நிஜமான வில்லன் மழைதான். 2015 டிசம்பர் 1-ம் தேதியை மறந்திருக்க மாட்டீர்கள். அன்று நீங்கள் சென்னையில் இருந்திருந்தால், எந்த மாடிப்படியில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதுகூட ஞாபகம் இருக்கும். மறுநாள் காலை 'தி ஹிந்து' நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை. மறைமலைநகரில் இருக்கும் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. 1878-ல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை.

அந்த வாரம் எல்லோர் வாயிலும் ஒரே வசனம்: ''நூறு வருஷத்துல இல்லாத மழை சார்!'' டி.வி-யில் சொன்னார்கள், மேடையில் சொன்னார்கள், நிவாரணப் பொட்டலம் கொடுத்தவர்களும் சொன்னார்கள். நூறு வருஷத்தில் வராதது வந்துவிட்டால் யார்தான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்?

சரி, நூறு வருஷக் கணக்கு எங்கே இருக்கிறது? போய்ப் பார்த்துவிடுவோம்.

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மையம் இருக்கிறதல்லவா? கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் அங்கே ஒரு வான் ஆய்வுக்கூடம் கட்டியது. மைக்கேல் டாப்பிங் என்பவர் முன்னின்று எழுப்பியது. அங்கு நிறுத்திய கருங்கல் தூணில் தமிழிலும்கூட எழுத்து பொறித்து வைத்தார்கள். கம்பெனியின் ஆர்வமெல்லாம் நட்சத்திரத்தின் மேல்தான், கப்பல் ஓட்ட அது வேண்டுமே! ஆனால் ஜான் கோல்டிங்ஹாம் என்ற அதிகாரி 1796-லிருந்து வெப்பநிலை, காற்றழுத்தம் என்று தரைக்குப் பக்கத்து விஷயங்களையும் குறித்துவைக்க ஆரம்பித்தார். ஆசியாவின் மிகப் பழைய வானிலைக் குறிப்புகளில் இவையும் சேர்த்தி. 1899-ல் நட்சத்திர வேலை கொடைக்கானலுக்குப் போய்விட்டது. மழைமானி இங்கேயே தங்கிவிட்டது.

இனி அந்த டிசம்பர் 1. முதலில் ஒரு சின்னக் குழப்பம் தீர வேண்டும். மழையை நாள்தோறும் காலை 8.30-க்கு அளப்பார்கள். முந்தைய 24 மணி நேரத்தில் விழுந்தது முழுக்க, அளக்கிற தேதியின் கணக்கில் ஏறும். அதனால் ஊரையே முக்கிய 1-ம் தேதி மழை, பதிவேட்டில் 2-ம் தேதி மழை! நுங்கம்பாக்கம் 29 செ.மீ. மீனம்பாக்கம் சுமார் 35. தாம்பரம் 49.

49 செ.மீ. என்றால் எவ்வளவு? உங்களுக்குத் தாம்பரத்தில் ஒரு கிரவுண்டு காலி மனை இருப்பதாக வைத்துக்கொள்வோம் (ஆசைதானே!). அந்த ஒரு மனையில் மட்டும் ஒரே நாளில் கொட்டியது சுமார் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்பது வந்து கவிழ்த்துவிட்டுப் போன மாதிரி.

இப்போது பழைய பக்கங்களைப் புரட்டுங்கள். 1901 டிசம்பர் 10-ம் தேதி, நுங்கம்பாக்கத்தில் 26 செ.மீ. டிசம்பர் மாதத்துக்கு அதுதான் ரெக்கார்டு. 114 வருஷம் கழித்து 2015-ல் உடைந்தது. ஆக, 'நூறு வருஷத்தில் இல்லாத டிசம்பர் மழை' என்றால் சத்தியமான வார்த்தை.

ஆனால், அதே பதிவேட்டில் பக்கத்து மாதத்தையும் பார்க்க வேண்டாமா? 1976 நவம்பர் 25-ம் தேதி, அதே நுங்கம்பாக்கத்தில் 45 செ.மீ! 2015-ஐவிட ஒன்றரை மடங்கு. நூறு வருஷம் எங்கே... முழுசாக நாற்பதுகூட ஆகவில்லை. இன்னும் பின்னால் போனால் 1846 அக்டோபரில் ஒரே நாளில் 50 செ.மீ-க்கும் மேல். 'டிசம்பர்' என்ற ஒரு வார்த்தை எங்கேயோ வழியில் விழுந்துவிட்டது. அது விழுந்ததால் ஒரு புள்ளிவிவரம், சாக்காக மாறிவிட்டது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நுங்கம்பாக்கத்து மானியை மட்டும் வைத்து அடையாற்று வெள்ளத்தை எடை போட முடியாது. அடையாற்றுக்குத் தண்ணீர் வருகிற தாம்பரம், செம்பரம்பாக்கம் பக்கம் பெய்தது உண்மையிலேயே அசுர மழை. செம்பரம்பாக்கத்தில் மட்டும் 47 செ.மீ. அதற்கு முந்தைய நவம்பர் மாதத்திலேயே நுங்கம்பாக்கத்தில் ஒரு மீட்டருக்கு மேல் பெய்து, சுற்றுவட்டார ஏரிகள் தளும்பிக்கொண்டிருந்தன. அந்த நிலையில் 1-ம் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. கரையோரம் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்கு விஷயம் தெரியும்? தமிழகம் முழுக்க அந்தப் பருவத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்தியத் தணிக்கை அறிக்கை, சென்னை வெள்ளத்தை 'மனிதர்களால் விளைந்த பேரிடர்' என்றே எழுதியது. வானத்தின் பங்கு போக மீதியையும் யாரோ ஒருவர் கணக்குப் பார்க்கத்தானே வேண்டும்!

1976-லும் அடையாறு கரை தாண்டியது. அப்போது தண்ணீர் பரவி நிற்க வேளச்சேரிப் பக்கம் வயலும் சதுப்பும் இருந்தன. பதிவேட்டில் அந்த 45 செ.மீ. பத்திரமாக இருந்த 39 வருஷத்தில், அந்த இடங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பட்டா எண்ணும் கதவு எண்ணும் வந்துவிட்டன.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடி மிதந்தன. மறுபடி வசனம் வந்தது. ஆனால் இந்த முறை ''47 ஆண்டுகளில் இல்லாத மழை'' என்றார்கள். 2023-லிருந்து 47-ஐக் கழித்துப் பாருங்கள். பரவாயில்லை, யாரோ ஒருவர் நவம்பர் பக்கத்தையும் புரட்டியிருக்கிறார்.