கொழும்புத் தமிழரும் கிற்றார்ப் பாட்டும்

கிற்றார் நமது வாத்தியம் அன்று என்று சொல்வோர் இன்றும் உளர். நம் நாட்டுக்குப் புறத்தே பிறந்தது என்பதே அவர்தம் வாதமாயின், அந்த வாதம் நெடுந்தூரம் செல்லாது. கருநாடக இசைக் கச்சேரியில் பாடகருக்கு அருகே அமர்ந்து ஒலிக்கும் வயலின் ஐரோப்பாவினது. அதனை நம் இசைக்குப் பொருத்திய முன்னோடி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858). நம் நாடக மேடைகளை ஆண்ட ஆர்மோனியம் 19ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் உருவானது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனைத் தன் நிலையங்களினின்றும் விலக்கி வைத்திருந்தபோதும், நாடகக் கொட்டகையும் பஜனை மடமும் அதனைக் கைவிடவில்லை. ஒரு வாத்தியம் எங்கே பிறந்தது என்ற கேள்வி, அதனை வாசிப்பவர் யார் என்ற கேள்வியை மறைக்கும் திரையாகவே பெரும்பாலும் பயன்பட்டு வந்திருக்கிறது.

ஆகவே நாம் இரண்டாவது கேள்வியையே கேட்போம். கொழும்பில் கிற்றாரைக் கையிலெடுத்துத் தமிழில் பாடியவர்கள் யாவர்? அவர்கள் பாடியது எதனை? அப்பாட்டுக்கு நேர்ந்த கதி யாது?

போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் 1505இல் இறங்கினர். 1656இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி அகன்றது, ஆட்டமும் பாட்டும் அகலவில்லை. அவர் வழிவந்த பறங்கியரும், ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட காப்பிரிகளும் பேணிவந்த கப்பிரிஞ்ஞா ஆட்டம் கரையோர மக்களின் களியாட்டமாயிற்று. பைலா என்ற பெயரே ஆடுதல் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லினின்றும் பிறந்தது. மேனாட்டார் அதன் தாளத்தை ஆறுக்கு எட்டு என்று குறிப்பர். நம் செவிக்கு அது திஸ்ர நடை. கும்மிக்கும் காவடிக்கும் பழகிய கால்கள் பைலாவுக்குத் தாமே அசைந்ததில் வியப்பில்லை.

பைலாவை 1940களில் மேடைக்கும் இசைத்தட்டுக்கும் உரியதாக்கியவர் வொலி பஸ்தியன். அவர் பொலிஸ் சேவையில் இருந்தவர். சங்கீத வித்துவான் அல்லர். இருவர் எதிரெதிரே நின்று அந்தக் கணத்திலேயே அடி கட்டிப் பாடி மோதும் வாத பைலா எனும் வகையும் இம்மரபில் உண்டு. லாவணி கேட்டு வளர்ந்த தமிழனுக்கு இது அந்நியமானதாகுமா? 1960களின் நடுப்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவில் இணைந்து சிங்களப் பாட்டுக்கு மின்கிற்றாரைக் கொணர்ந்தனர். சிங்கள இளைஞர் தம் மொழியில் தம் பாட்டைப் பாடக் கேட்ட தமிழ் இளைஞர், நாமும் ஏன் பாடலாகாது என்று எண்ணியது இயல்பே.

இந்த எண்ணம் வேர்கொள்ளக் கொழும்பில் இரு நிலங்கள் ஆயத்தமாக இருந்தன. ஒன்று கொட்டாஞ்சேனை. துறைமுகத்தை அண்டிய இப்பகுதியில் பொன்னம்பலவாணேசர் ஆலயத்து மணியும் சாந்த லூசியா பேராலயத்து மணியும் ஒரே காற்றில் கலப்பன. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலையாளிகள், பறங்கியர், பரதகுலத்தார், கொழும்புச் செட்டிகள் எனப் பல சமூகத்தாரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த இடம் அது. நத்தார்க் காலத்தில் வீடு வீடாகச் சென்று பாடும் குழுக்களின் கையில் கிற்றார் இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) திருப்பலியில் மக்களின் தாய்மொழிக்கு இடமளித்தபின், இலத்தீன் ஒலித்த பீடத்தருகே தமிழ்ப் பாட்டும் நாளடைவில் கிற்றாரும் வந்து சேர்ந்தன. கோயிலில் கற்ற விரல், வெளியே வந்ததும் வேறு பாட்டையும் மீட்டாமல் இருக்குமா?

மற்றொன்று வெள்ளவத்தை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில், யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகம் தேடி வந்த எழுதுவினைஞரும் ஆசிரியரும் மாணவரும் தங்கினர். பலர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து வாழும் வாழ்க்கையைச் சமறி என்று வழங்கினர். குடும்பம் ஊரில், மாதத்தில் ஒரு தடவை இரவு மெயில் ரயிலில் பயணம், எஞ்சிய மாலைப்பொழுதுகள் தனிமையில். அம்மாலைகளில் தண்டவாளத்துக்கு அப்பாலுள்ள கடற்பாறைகளில் நால்வர் கூடினால் ஒருவன் மீட்டுவான், மற்றொருவன் தீப்பெட்டியிலோ பலகையிலோ தாளம் போடுவான், எஞ்சியோர் பாடுவர். கட்டணம் இல்லை, மேடை இல்லை, கேட்போரும் பாடுவோரே. நட்பே அவர்களின் சபை.

கிற்றார் இத்தகையோர் கைக்கு ஏன் வசப்பட்டது? இதற்கு விடை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. ஆறு தந்திகள், கழுத்தில் கட்டைகள் பதித்து இடங்கள் முன்னரே வகுக்கப்பட்டிருக்கின்றன. கோட் எனப்படும் சுரக்கூட்டுகளுள் மூன்றைப் பழகினால் பைலாக்கள் பலவற்றுக்குத் துணைபோகலாம். நண்பன் ஒருவன் சில கிழமைகளில் கற்பித்துவிடுவான். பாட்டுக் கொப்பியில் சாகித்தியத்தை எழுதி, அதன் தலைமேல் இந்த இடத்தில் இந்தக் கூட்டு என்று ஓர் எழுத்தைக் குறித்தால் போதும். கொப்பி கைமாறும்போது பாட்டும் கைமாறும். வீணையோ வயலினோ குருவையும் ஆண்டுகளையும் கேட்கும். நாகசுரமும் தவிலும் குலத்தைக் கேட்டன. இன்னாரே வாசிக்கலாம், இன்னார் வாசித்தால் இழிவு என்ற விதி நம் வாத்தியங்கள் பலவற்றைச் சுற்றி வேலியாய் நின்றது. கிற்றாருக்கு நம்மிடையே சாதி இருக்கவில்லை. அது பின்வந்த காரணத்தினாலேயே சுதந்திரமாக வந்தது.

இது கொழும்புக்கு மட்டும் உரிய செய்தியன்று. 1950களின் நடுவில் பிரித்தானியத் தொழிலாளர் குடும்பத்துச் சிறுவர், துணி துவைக்கும் பலகையையும் தேயிலைப் பெட்டியையும் மலிவான கிற்றாரையும் கொண்டு 'ஸ்கிபிள்' எனும் இசையை வளர்த்தனர். பீட்டில்ஸ் குழுவின் தொடக்கமும் அதுவே. அவர்கள் தட்டிய தேயிலைப் பெட்டிகளில் நம் மலையகத்துத் தொழிலாளியின் வியர்வையும் இருந்திருக்கும் என்பதை நாம் மறக்கலாகாது. சிலி நாட்டில் விக்தர் ஹாரா கிற்றாரை ஏழைகளின் குரலாக்கினார். 1973 செப்டெம்பரில் இராணுவ ஆட்சியாளர் அவரைக் கொன்றனர். கேளிக்கைக் கருவி என்று இகழப்பட்ட ஒன்றைக் கண்டு கொடுங்கோலர் அஞ்சினர் என்றால், அதன் வலிமையை வேறு யார் நமக்கு விளக்க வேண்டும்?

தமிழில் இவ்வழியைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் நித்தி கனகரத்தினம். யாழ்ப்பாணத்தவர், விவசாயம் பயின்றவர், இசையைப் பிழைப்பாகக் கொண்டவர் அல்லர். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' முதலிய அவருடைய பாடல்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கைத் தாளத்தில் ஏற்றின. ஏ. ஈ. மனோகரன் அப்பாதையை அகலமாக்கிப் பொப் இசைச் சக்கரவர்த்தி எனப் பெயர்பெற்றார். 2018 ஜனவரியில் சென்னையில் மறைந்தார். அவர் குரலில் பரவிய 'சுராங்கனி' சிங்களப் பல்லவியையும் தமிழ்ச் சரணத்தையும் ஒரே பாட்டில் இணைத்தது. 1977இல் தமிழகத் திரைப்படமான 'அவர் எனக்கே சொந்தம்' அதனை எடுத்தாண்டது. சென்னையிலிருந்து கொழும்புக்கே பாட்டு வரும் என்றிருந்த வழக்கம் ஒருமுறையேனும் திசைமாறியது.

இங்கே முற்போக்காளராகிய நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954இல் தோன்றியபின், மண்வாசனை என்றும் தேசிய இலக்கியம் என்றும் நம் எழுத்தாளர் முழங்கினர். கதையில் மக்கள் பேச்சு இடம்பெற்றபோது, 1960களின் தொடக்கத்தில் பண்டிதர் சிலர் அதனை இழிசனர் வழக்கு என்று பழித்தனர். நம்மவர் எதிர்த்து வாதிட்டு வென்றனர். ஆனால் அதே மக்கள் பேச்சு சில ஆண்டுகளில் கிற்றாரோடு பாட்டாக ஒலித்தபோது, நம்முள் எத்தனைபேர் அதனை மண்வாசனை என்று இனங்கண்டோம்? மேனாட்டு நசிவுக் கலை என்று சொல்லி முகம் திருப்பியோரே மிகுதி. பண்டிதர் நமக்கு இழைத்த அநீதியை நாம் பாடகருக்கு இழைத்தோம். கதைக்கு வாதிட்டுப் பெற்ற உரிமையை, வாதமே செய்யாமல் பாட்டுக்குப் பெற்றுத் தந்தவர்கள் அவ்விளைஞர்கள்.

இப்பாட்டு 1970களில் ஓங்கி வளர்ந்ததற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இறக்குமதியைக் கடுமையாகக் குறைத்தது. தமிழகத்துச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்பட்டது. 1972இல் செயற்படத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கைக்குப் பட இறக்குமதி சென்றது. வெளியார் குரல் சற்றே தணிந்த வேளையில் உள்ளூர்க் குரல் கேட்டது. டொரிங்டன் சதுக்கத்து வானொலி நிலையத்தில் ஈழத்து மெல்லிசைப் பாடல்கள் பதிவாகி ஒலிபரப்பாயின. மேடைகளில் பொப் இசை நிகழ்ச்சிகளுக்கு இளைஞர் திரண்டனர். 1977இன் பின் திறந்த பொருளாதாரம் ஒலிநாடாக்களையும் ஒலிப்பதிவுக் கருவிகளையும் கொண்டுவந்து குவித்தபோது, சந்தையின் பேரொலியில் இச்சிறு குரல் மீண்டும் ஒடுங்கலாயிற்று.

அப்பாடல்களை நாம் குறையற்றவை என்று போற்றவில்லை. மாமியின் மகளைக் கேலி செய்வதில் அவை கண்ட இன்பம் மட்டற்றது. அம்மகளுக்கும் ஒரு மனம் உண்டென்பதை அவை பெரும்பாலும் நினைக்கவில்லை. கிற்றார் ஏந்திய பெண்ணை நம் சமூகம் எளிதில் அனுமதிக்கவுமில்லை. வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் 1933இல் கொல்வின் ஆர். டி. சில்வாவின் தலைமையில் நடத்திய வேலைநிறுத்தம் இந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் ஓர் அத்தியாயம். கொட்டாஞ்சேனைக்கு அருகே துறைமுகத் தொழிலாளி மூட்டை சுமந்தான். அவர்தம் வாழ்வு, நம் செவிக்கு எட்டிய பொப் பாடல்களில் இடம்பெறவில்லை. ஆயினும், கள்ளுக்கடையைப் பற்றிப் பாடத் தெரிந்த வாய் காலப்போக்கில் கூலியைப் பற்றியும் பாடியிருக்கக் கூடும். அதற்குக் காலம் வாய்க்கவில்லை.

1956இல் சிங்களம் மட்டும் எனும் சட்டம் வந்தது. 1958இலும் 1977இலும் வன்செயல்கள் நிகழ்ந்தன. 1983 ஜூலை 24ஆம் நாள் தொடங்கிக் கொழும்பு எரிந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்கள் கொளுத்தினர். அகதிகள் கப்பலேறிக் காங்கேசன்துறை சேர்ந்தனர். பலர் பின்னர் கடல்கடந்து இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் மெல்பேணுக்கும் போயினர். உடுத்த துணியோடு ஓடியவர் கிற்றாரையா தூக்கிச் செல்வார்? பாட்டுக் கொப்பியையா தேடுவார்? இரு மொழியில் ஒரே தாளத்துக்கு ஆடிய அயலவர்கள் ஒரே கிழமையில் இரு நாட்டினராயினர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அழிந்த சுமார் 97,000 நூல்களை உலகம் எண்ணிச் சொல்லிற்று. 1983இல் எரிந்த பாட்டுக் கொப்பிகளை எண்ணியவர் எவருமிலர். அவை நூலாகக் கருதப்படவில்லை என்பதே காரணம்.

வரலாறு என்பது அச்சேறியோருக்கும் இசைத்தட்டில் பதிந்தோருக்கும் மட்டும் உரியதன்று. இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லி முடித்துவிட்டால், கடற்பாறையில் தாளம் போட்டவனையும், ஒரே ஒரு பாட்டைக் கட்டி நண்பருக்குக் கொடுத்துவிட்டுப் போனவனையும் நாம் இரண்டாம் முறையும் எரித்தவர்களாவோம். 2005 முதல் நூலகம் எனும் மின்னூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் தேடிச் சேர்த்து வருகிறது. அச்சுக்குச் செய்யப்பட்டது பாட்டுக்கும் செய்யப்படல் வேண்டும். அக்காலத்தில் பாடியவர்கள் இன்று முதியோர். எந்தப் பாட்டை யார் கட்டினார், எந்த ஒழுங்கையில், எந்த ஆண்டில், உடன் பாடிய சிங்கள நண்பன் யார் என்பன அவர்தம் நினைவில் மட்டுமே உள்ளன. அவர்களிடம் சென்று கேட்டு, பாடச் செய்து, பதிந்து வைப்பது அரிய காரியமன்று; தாமதித்தால் இயலாத காரியமாகும்.

அப்பெட்டகத்தில் உயர்ந்த கவிதை மிகுதியாக இராது. மூன்று சுரக்கூட்டும் முந்நூறு கேலியும் இருக்கலாம். ஆயினும், ஒருவர் மொழியில் மற்றவர் பல்லவி பாடிய காலம் ஒன்று கொழும்பில் இருந்தது என்பதற்கு அதனினும் நேர்மையான சாட்சி நமக்குக் கிடைக்கப்போவதில்லை.