படுவான்கரைக்கு மேற்கே: ஓங்கலின் வடிவமும் மண்ணின் வரலாறும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறத்தைப் படுவான்கரை என வழங்குகின்றோம். ஞாயிறு படும் கரை அது. அங்கிருந்து மேற்கே செல்லச் செல்ல, சமவெளியினின்று குடும்பிமலை போன்ற எச்சக்குன்றுகள் தனித்தெழுவதையும், வெகு தொலைவுக்கப்பால் மடுல்சீமையின் ஓங்கல் மத்திய மலைநாட்டின் கிழக்கு விளிம்பாக நிற்பதையும் காணலாம். மாறாமைக்கு மலையை உவமை கூறுவது நமது இலக்கிய மரபு. அம்மரபினை நாம் சற்று ஐயத்துடனேயே நோக்க வேண்டியுள்ளது.

1929இல் அடம்ஸ் என்பார் இலங்கையின் நிலவுருவத்தை மூன்று ஆறரித்த சமவெளிகளாக விளக்கினார். பின்னர் வாடியா நிலத்தின் மேலுயர்வுக்கே முதன்மை அளித்தார். அவ்விவாதத்தினுள் நாம் புகவில்லை. ஓங்கல் தன் வடிவத்தைக் காத்துக்கொள்ளும் முறையே இங்கு எமக்கு வேண்டியது. மேட்டுநிலத்தின் உச்சி மிக மெதுவாகவே தேய்கின்றது. முகப்பிலோ வெடிப்புகளில் நீர் புகுந்து பாறை உக்குகின்றது. பாளங்கள் அடியில் வீழ்கின்றன. அவை மண்ணாகி ஓடைகளாற் கொண்டுசெல்லப்படுகின்றன. அடிவாரம் இவ்வாறு வெறிதாவதனாலேயே முகப்பு நிமிர்ந்தபடி பின்வாங்குகின்றது. இடிபாடு அங்கேயே குவிந்திருப்பின் ஓங்கல் வெறுஞ் சரிவாகியிருக்கும். இழப்பு நின்றால் வடிவமும் நில்லாது. (இயக்கவியலை நூல்களில் மட்டுமே தேடும் நண்பர்கள் இதனைக் கவனிப்பாராக.)

இவ்விழப்பின் வேகம் எத்தகையது? மேல் மகாவலிப் பகுதியில் இயற்கையான மண்ணிழப்பு சதுர கிலோமீற்றருக்கு ஆண்டொன்றுக்கு 13 முதல் 30 தொன் எனவும், பயிரிட்ட நிலத்தில் அது 7,000 தொன் வரை உயர்ந்துள்ளதெனவும் 2003இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. மகாவலி எமது வாவியைச் சேர்வதில்லை. ஆயினும் வாவிக்குத் தெற்கே கடலடையும் பட்டிப்பளை ஆறு, அதாவது கல்லோயா, பிறப்பதும் அதே மலைநாட்டின் கிழக்குச் சரிவிலேயே.

இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மழையின் வேலையன்று. 1840ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் உறுதியற்ற காடுகளை முடிக்குரியனவாக்கிற்று. காடு விலைப்பட்டது, கோப்பி வந்தது, 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழிக்கத் தேயிலை இடம்பிடித்தது. செங்குத்தான சரிவிலும் களையின்றி நிலத்தை வெறுமையாக வைத்திருத்தலே தோட்ட முறையாயிற்று. மண்வெட்டியைப் பிடித்தவர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர். அதற்கான கட்டளையும் இலாபமும் அவர்களுடையனவல்ல. மண்ணரிப்பைச் சேனைப் பயிர் செய்வோனின் அறியாமைக்கு மட்டுமே ஏற்றிக்கூறும் எழுத்துகள் இவ்வுறவினை மறைத்துவிடுகின்றன.

ஓங்கலும் இதனைக் காட்டித்தருவதில்லை. கிழக்கேயிருந்து அதனை நோக்குபவர் இன்று காண்பதும் 1840இற்கு முன்னிருந்த அதே வெளிக்கோடுதான். மலையிழந்த மண்ணைக் காண விரும்புவோர் மலையைப் பார்த்துப் பயனில்லை. 1949இல் வேலை தொடங்கப்பட்ட இங்கினியாகலை அணைக்குப் பின்னால், சேனநாயக்க சமுத்திரத்தின் அடியிற் படிந்துள்ள வண்டலையே பார்த்தல் வேண்டும்.